உச்சிக்குழி மூடும் வரை

கம்பம்மெட்டு வளைவுகளில் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு மறு கையால் பாட்டு மாற்றுகிற ஆள் என் வீட்டுக்காரர். ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்களைக் கம்பத்தில் ஜீப்பில் ஏற்றி, காலையில் சக்குபள்ளத்தில் கொண்டுவந்து இறக்குவார். தோட்டப் பாதையில் அவர் ஓட்டும் வேகத்துக்கு உள்ளே இருப்பவர்கள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட வீரர், எங்களுக்குப் பெண் பிறந்தபோது அவளைத் தூக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

காரணம் உச்சிக்குழி. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ஆசையாகக் குழந்தையின் தலையைத் தடவியவர், சூடுபட்டதுபோல் விரலை எடுத்தார்.

“ஏ, இங்க எலும்பே இல்ல! உள்ள என்னமோ துடிக்குது!”

“எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தாங்க இருக்கும். உங்களுக்கும் இருந்திருக்கும்.”

“எனக்கா?” என்று தன் தலையைத் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள், அங்கே எப்போதோ ஒரு குழி இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் சிஸ்டரிடம் முறையிட்டார். “பேடிக்கண்டா சேட்டா, பயப்படாதீங்க” என்று அந்த மலையாளத்துச் சிஸ்டர் பொறுமையாகப் பயத்தைத் தெளியவைக்கப் பார்த்தார். பிறக்கும்போது மண்டை ஓடு துண்டு துண்டாகத்தான் இருக்குமாம். அதனால்தான் தலை நெருக்கிக்கொண்டு வெளியே வர முடிகிறது, மூளை வளரவும் இடம் கிடைக்கிறது. இடைவெளியை உறுதியான சவ்வு மூடியிருக்கிறது, ஒன்றரை வயதுவாக்கில் எலும்பு வளர்ந்து சேர்ந்துகொள்ளும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவர்களைவிடக் குழந்தைக்கு எலும்புத் துண்டுகள் அதிகம், பல இடங்களில் இன்னும் வெறும் குருத்தெலும்புதான், வளர வளரத்தான் கெட்டியாகி ஒன்றோடொன்று சேரும் என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் இவர், “அப்போ வேலை முடியாமலேதான் குடுத்து அனுப்பியிருக்காங்க” என்றார். “எலும்பெல்லாம் சேரட்டும். அப்புறம் தூக்குறேன்.”

முதலில் சிரித்தேன். நாள் போகப் போகச் சிரிப்பு வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் கொஞ்சுவார். அவளும் அவரைப் பார்த்துக் கையை நீட்டத் தொடங்கினாள். நீட்டிய கை அப்படியே நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா தூக்கினால் எப்படி இருக்கும் என்று தெரியாமலா ஒன்றரை வயது வரை ஒரு பிள்ளை வளரும்?

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் சின்னச் சபையில் அப்பாதான் பிள்ளையை முன்னே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

“உங்க அண்ணன் தூக்கட்டுமே?” என்று கேட்டுப் பார்த்தார்.

“சரி. அப்போ அவ எங்க அண்ணனையே அப்பான்னு கூப்பிடட்டும்.”

மறுநாளே ஒரு மஞ்சள் பூசணியைத் துண்டில் சுற்றி ஒத்திகை தொடங்கியது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பூசணி நழுவி விழுந்து உடைந்தது. அதைக் குழம்பு வைத்தேன். அவர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முகம் வெளுத்து நின்றார். போதகர் அழைத்ததும் பிள்ளையை அவர் கையில் வைத்துவிட்டு என் கையை எடுத்துக்கொண்டேன். எனக்கும் பயம்தான். ஆனால் அவருடைய பெரிய உள்ளங்கை தானாகவே அவள் தலைக்கு அடியில் போய் நின்றது. போதகர் ஒரு கை தண்ணீர் விட்டார். பிள்ளை வீறிட்டது. இரண்டாவது முறை அள்ளும்போது, “ஐயா, உச்சியில வேண்டாங்கய்யா, ஓரமா ஊத்துங்கய்யா” என்று இவர் கெஞ்சியது கடைசி பெஞ்சு வரை கேட்டது. சபையே சிரித்தது. போதகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓரமாகவே ஊற்றினார்.

ஆராதனை முடிந்து பிரியாணிப் பந்தியும் போட்டாயிற்று. அவர் இன்னும் பிள்ளையை இறக்கவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே அவள் தூங்கிவிட்டாள்.

“குடுங்க, நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்று கையை நீட்டினேன்.

சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ சாப்பிடு. உனக்குத் தலைய ஒழுங்காப் பிடிக்கத் தெரியல.”