கடலெண்ணெய் குடித்த கம்ப்ரசர்

அறுபதுகளில் செஞ்சிப் பக்கம் கிணறுகளை ஆழப்படுத்த அரசாங்கம் கம்ப்ரசரை வாடகைக்குக் கொடுத்தது. அதற்கு மேற்பார்வையாளன் நான். ஒரு டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி இரும்புத் தொட்டியில் அடைக்கும். அந்தக் காற்று ரப்பர் குழாய் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கிப் பாறையைத் துளைக்கும் கருவியை ஓட்டும். துளையில் வெடிமருந்து வைத்து வெடிக்கவைப்பார்கள். ஆக வெடிக்க வேண்டியது பாறை மட்டுமே. தொட்டியும் வெடிக்கக்கூடியதுதான் என்பதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை பாதி போயிற்று.

சிங்கவரத்தில் ஒரு விவசாயியின் கிணற்றில் வேலை நடந்தது. வயலில் நெல் கதிர் விடப் பொதி கட்டி நின்றது. கிணற்றில் வாளியின் அடி நனையவும் தண்ணீர் இல்லை. பாறையில் ஈரம் மட்டும் கசிந்தது. மறுநாள் காலை கம்ப்ரசர் வண்டி தளவானூருக்குப் போயாக வேண்டும், அடுத்த முறை அவர்களுடையது. அதற்குள் ஊற்று திறந்தால் அவருக்கு நெல். திறக்காவிட்டால் மாட்டுக்கு வைக்கோல்.

அன்று காலை கம்ப்ரசர் எண்ணெய் அளவுக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். நான் திரும்பும்வரை யாரும் தொடக்கூடாது என்று எஞ்சின் டிரைவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு எண்ணெய் வாங்கத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

மதியம் டின்னைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வரும்போதே பாறை துளைக்கும் சத்தம் கேட்டது. கூடவே வடை சுடும் வாசனை. நாள் கிழமை எதுவும் இல்லையே என்று யோசித்தபடி வந்தேன். கிட்டே வந்தால், வாசனை இயந்திரத்திலிருந்துதான் வருகிறது. கம்ப்ரசரிலிருந்து தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாயில் பெயிண்ட் கொப்புளித்துக் கருகிக்கொண்டிருந்தது.

“எண்ணெய் இல்லாம எப்படிய்யா ஓட்டுற?”

“இல்லாம ஓட்டுவனா சார்? ஊத்தியாச்சு” என்றார் டிரைவர்.

“எதை?”

பதில் விவசாயியிடமிருந்து வந்தது. “கடலெண்ணெ சார். நம்ம செக்குல ஆட்டினது, கலப்படம் கெடையாது. நீங்க டின்னுல வாங்கியாறீங்களே கருப்பா, அத்த நாக்குல வைக்க முடியுமா?”

“மெஷினுக்கு ஏதுய்யா நாக்கு?”

“வாசனைய பாருங்க சார். உங்க எண்ணெய்ல இந்த வாசனை வருமா?”

கடலெண்ணெய் அந்தச் சூட்டில் பிசினாகி வால்வுகளில் ஒட்டும். ஒட்டிய வால்வு சரியாக மூடாது. வெளியே போன சூடான காற்று திரும்பி வந்து மறுபடி அழுந்தி இன்னும் சூடாகும். பிசின் கரியாகும், கரி கனலும். குழாய் நிறைய அழுத்திய காற்றும் எண்ணெய்ப் புகையும் இருக்க, அங்கே ஒரு கனல் போதும். குழாயும் தொட்டியும் துண்டு துண்டாகப் பறக்கும். இயந்திரத்தைச் சுற்றி ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் தொட்டியின் மேல் துண்டைக் காயப் போட்டிருந்தார்.

“எல்லாரும் தள்ளிப் போங்க, இது வெடிக்கும்” என்றேன்.

“காத்து எங்கனா வெடிக்குமா சார்?” என்றார் துண்டுக்காரர். “அப்போ நாமெல்லாம் மூச்சு வுடறதே டேஞ்சர்தான்.”

சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை. வேறு வழி தெரியாமல், கிணற்றில் மருந்துக்குத் தீ வைக்கும்போது போடும் குரலைப் போட்டேன். “வெடி... வெடி... வெடி...”

அதற்கு மட்டும் அந்த ஊரில் மரியாதை உண்டு. நொடியில் அத்தனை பேரும் பெரிய பாறைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். கிணற்றுக்குள் துளை போட்டுக்கொண்டிருந்தவர், மருந்து வைக்க வேண்டியவரே தான்தான் என்பதையும் மறந்து, ஏறி வந்து ஓடினார். அவருக்கும் முன்னால் டிரைவர் ஓடினார், எஞ்சினை ஓடவிட்டுவிட்டு.

தொட்டிக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய் எஞ்சின் நெம்புகோலை இழுத்தேன். விதிப்படி அது டிரைவரின் வேலை. அவர் பாறைக்குப் பின்னாலிருந்து “பாத்து சார்” என்றார்.

சத்தம் நின்றதும் விவசாயி ஒரு குடம் தண்ணீரோடு வந்தார், குழாயில் ஊற்றிக் குளிரவைக்க. சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடும் என்று தடுத்தேன். தானாக ஆறிய பிறகு தொட்டிக் காற்றைத் திறந்துவிட்டு வால்வைக் கழற்றினேன். பணியாரச் சட்டி அடியில் பிடித்ததுபோலக் கரி. அவர் எட்டிப் பார்த்தார்.

“இவ்ளோ நல்ல எண்ணெய கருக வுட்டுட்டீங்களே சார்.”

பிறகு, கழுவுவதற்கென்று ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். அதன் ஆவி உள்ளே தங்கினால் கடலெண்ணெய் செய்யாமல் விட்டதை அது செய்து முடிக்கும். பாட்டிலைப் பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

“வேற எதுலதான் சார் கழுவறது? பொழுது போவுது. நாளைக்கு வண்டி தளவானூர் பூட்டுதுன்னா என் நெல்லு போச்சு.”

முதல் முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது. சலவை சோடாவும் வெந்நீரும் கேட்டேன். அவரும் அவர் மனைவியும் இருட்டும்வரை கரியைச் சுரண்டினார்கள். டிரைவர், சோடா கையை அரித்துவிடும் என்று தள்ளி நின்று ஆலோசனை வழங்கினார்.

காலையில் தளவானூர்க்காரர்கள் வண்டியை இழுத்துப்போக டிராக்டரோடு வந்தார்கள். சேதி அவர்களுக்கு முன்பே போயிருந்தது.

“வெடிக்கப் பாத்த மெஷினாமே சார்? இன்னிக்கி இவுரு கொல்லையிலயே ஓட்டிப் பாருங்க. ஒண்ணும் ஆவலைன்னா நாளைக்கு வரோம்.”

சுத்தம் செய்த வால்வு, முறையான எண்ணெய், இனி ஆபத்து இல்லை என்று விளக்கினேன். நேற்று வெடிக்கும் என்றபோது ஒருவரும் நம்பவில்லை. இன்று வெடிக்காது என்றபோதும் நம்பவில்லை. டிராக்டர் திரும்பிப் போனது.

அன்று பிற்பகல் போட்ட வெடியில் ஊற்று திறந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு விவசாயி மேலே பார்த்துச் சொன்னார்: “நான் ஊத்தின எண்ணெதான் சார் தண்ணி கொண்டாந்துது.”

அவர் எண்ணெய் ஊற்றாமல் இருந்திருந்தால் வண்டி காலையிலேயே தளவானூர் போயிருக்கும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

அடுத்த நாள் கிளம்பும் முன் எண்ணெய் ஊற்றும் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்தேன்.

“நீங்க இல்லாதப்ப எண்ணெ கொறஞ்சா?” என்றார் டிரைவர்.

“எஞ்சினை நிறுத்து.”

அவர் சற்று யோசித்தார். “நிறுத்திட்டா அப்புறம் ஓடாதே சார்.”