விட்டுக்கொடுத்த முறை

ஏலக்காய் வாசனை எனக்கு ஆகாது. பாயசத்தில் வாயில் அகப்பட்டால் எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிடுவேன். "போடிக்காரிக்கு இப்படி ஒரு நாக்கா?" என்று சென்னையில் என் மருமகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவளுக்கு அது பாயச வாசனை, எனக்கு அது ஆவணி மாதத்து வாசனை. மலையில் காய் எடுப்புத் தொடங்கி, போடித் தெருக்களில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அந்த மாதத்தில்தான், நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது ஒருத்தி மேல்படிப்புக்குப் பெட்டி கட்டுவாள். முதலில் கட்டியிருக்க வேண்டியவள் எங்கள் அக்கா.

கூடப் பிறந்தவள் இல்லை. வார்டில் எல்லாருக்கும் மூத்தவள், அதனால் அக்கா. ராசிங்காபுரத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். எழுபதுகளில் எங்கள் பக்கம் பெண்ணை நர்சு வேலைக்கு அனுப்புவது லேசில் நடக்காது, கண்டவன் உடம்பைத் தொடுகிற சோலி என்பார்கள். மதுரையில் தங்கி டிப்ளமா முடித்து வந்த அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: வேலையை விட்டுவிடுமா? "விடாது" என்று அக்காவே உள்ளேயிருந்து பதில் சொல்லிவிடுவாள். பிறகு வருவதும் நின்றுபோனது. அதற்காக அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. அவளுடைய ஆசை வேறு பக்கம் இருந்தது.

டிப்ளமா நர்சு சில வருஷம் வேலை பார்த்த பிறகு பட்டணத்துக்குப் போய் பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாம். அப்படிப் படித்தவள் இருந்தால்தான் நர்சுப் பள்ளி தொடங்க முடியும். "ஒரு டிகிரி நர்சு கையில இருந்தாப் போதும், பள்ளிக்கூடத்தை இங்கேயே ஆரம்பிச்சுரலாம்" என்று எங்கள் பெரிய டாக்டர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போடியிலேயே பள்ளி இருந்தால் பெண்கள் காலையில் பஸ்சில் வந்து சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம், அப்போது எந்த அப்பனும் தடுக்கமாட்டான் என்று நம்பினாள். பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வரும் தாய்மாரிடம், "சின்னவளைப் பத்தாவது முடிக்க விடுங்காத்தா, நான் சொல்லிக்குடுத்து நர்சாக்கி விடுறேன்" என்பாள். பட்டம் வாங்கி மாட்டிவிட்டது போலத்தான் பேச்சு இருக்கும்.

ஆனால் வருஷத்துக்கு ஒருத்தியைத்தான் ஆஸ்பத்திரி அனுப்பும். படிப்பில் சேருகிற காலமும் காய் எடுக்கிற காலமும் ஒன்றாக வந்து தொலைத்தன. எஸ்டேட்டுக் கூலிப்பெண்கள் ஜீப்பில் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். சிலருக்குப் போடிமெட்டு மலைப்பாதை வளைவிலேயே பிள்ளை பிறந்திருக்கும். மழையில் சறுக்கி விழுந்தவர்கள், பாம்பு கடித்தவர்கள் என்று வராந்தா வரை படுத்திருப்பார்கள். யார் போவது என்பதை டாக்டர் எங்களிடமே விட்டுவிட, நாங்கள் மூப்புப்படி முறை வைத்துக்கொண்டோம். பொதுக்கிணற்றுத் தண்ணீருக்குப் பங்காளிகள் வைக்கிற முறை மாதிரிதான். முதல் முறை அக்காவுக்கு.

அந்த முதல் முறையை அவள் எங்களோடு வேலை பார்த்த சிலமலை ஊர்ப் பெண் ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "இப்பப் போகலேன்னா அவ எப்பவும் போகமாட்டா. எனக்கென்ன, பெறகு போய்க்கிறேன்" என்றாள் அக்கா. சம்சாரி வீடுகளில் அப்படித்தான் நடக்கும். பக்கத்துக் காட்டுக்காரன் பயிர் வாடினால் நம் முறைத் தண்ணீரை அவனுக்கு விடலாம். விட்டாலும் முறை நம்முடையதுதான், அடுத்த சுற்றில் கேட்டால் தந்துவிடுவான். அதில் சண்டையும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள், படிப்பும் இப்படித்தான் என்று நம்பிவிட்டாள். எங்களுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நாங்களும் அதே காட்டில் வளர்ந்தவர்கள்தானே.

போகிறவளிடம் அக்கா ஒன்றுதான் கேட்பாள்: படித்துவிட்டு வந்து வார்டைப் பார்த்துக்கொள், நான் போகணும். சிலமலைப் பெண் கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போனாள். அடுத்த முறையை, தங்கைகளைக் கரையேற்ற வேண்டும் என்று கலங்கி நின்ற எங்கள் வார்டு மலையாளத்துச் சேச்சிக்கு விட்டாள். சேச்சி படிப்பு முடிந்த கையோடு குவைத்துக்குப் போய், அங்கிருந்து வாசனைச் சோப்பு அனுப்பினாள். அக்கா அதைப் பிரித்து, வார்டில் எல்லாரும் கை கழுவ வைத்துவிட்டாள். மேல்படிப்பு என்பது ஊரைவிட்டுப் போகிற பஸ்சாக மாறிக்கொண்டிருந்தது. ஏறியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே எங்களுக்கு என்ன மரியாதை இருந்தது?

மூன்றாவதாக நான். "இந்த வருசம்னா போயிட்டு வா ஆத்தா. பெறகு ஒங்க மாமன் வீட்டுல பொறுக்கமாட்டாக" என்று என் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. நான் மாட்டேன் என்று அழுதேன். "விடுறவ நானு. வாங்கிக்கிற ஒனக்கு என்னடி வலிக்குது? வெரசாப் பொட்டியக் கட்டு" என்று அதட்டி அனுப்பினாள்.

நான் திரும்பி வந்தேன். கட்டிக்கொள்ள இருந்த மாமன் மகனுக்குப் போடியிலேயே கடை இருந்தது, அதனால் வாக்கைக் காப்பாற்றியதில் எனக்குப் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் அன்று அக்காவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! வார்டுச் சாவியை என் கையில் திணித்துவிட்டு, மறுநாளே சேருவது பற்றிக் கேட்கப் பஸ் ஏறினாள்.

போன வேகத்தில் வந்தாள். வயது வரம்பு தாண்டிவிட்டது. வரம்பு இருப்பது எங்களுக்குத் தெரியும், வேலையில் இருப்பவர்களுக்குத் தளர்த்துவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தளர்த்துவது உண்மைதான், அரசாங்க ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு மட்டும். எங்கள் யாருக்கும் அதை விசாரிக்கத் தோன்றவில்லை. "நீ வந்துட்டயில்ல, பள்ளிக்கூடம் வந்துரும்" என்று சொல்லிவிட்டு, பஸ்சுக்குக் கட்டிப்போன சேலையை மாற்றிப் பிரசவ அறைக்குள் போனாள். எனக்கு நெஞ்சு ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

பள்ளி வந்தது. அவள் சொன்னபடியே பெண்கள் பஸ்சில் வந்தார்கள். பாடம் நடத்தியது நான். அவள் அதே வார்டில், என்னிடமிருந்து திரும்ப வாங்கிய அதே சாவியோடு இருந்தாள். இன்றைக்கு எம்.எஸ்சி. நர்சிங் வரைக்கும் சேரக் கூட்டம் அலைமோதுகிறது என்று என் பழைய மாணவிகள் சொல்கிறார்கள். இவ்வளவு பேரில் ஒருத்தியாக அக்கா இல்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசியில், எங்கள் பள்ளியில் படித்து எங்களிடமே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு மேல்படிப்பு முறை வந்தது. அவள் சிரித்துக்கொண்டே வந்து, "என் சிநேகிதிக்குக் கல்யாணம் பேசுறாக மேடம். இந்த வருசம் அவ போகட்டும், நான் பெறகு போய்க்கிறேன்" என்றாள். நான் வாய் திறக்குமுன், மருந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். வார்டில் அவள் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒன் முறைய ஒருத்திக்கும் விடாத! அழுதாலும் விடாத. கூடப் பொறந்தவளா இருந்தாலும் விடாத."

அதைச் சொல்லும்போது நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.