கறுப்புக் கோட்டில் ஒரு முடி

தையல் மாஸ்டருக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தைத்த கறுப்புக் கோட்டை வாங்கிப்போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து, அதை வெட்டுமேசை மேல் எறிந்துவிட்டு, இது கோட்டா பூனையா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் முதுகு முழுக்க வெள்ளை முடி.

வீட்டின் முன்னறைதான் அவருடைய தையல்கடை. மேசை ஓரத்தில் அவர் வளர்க்கும் பூனை மகாராணி படுத்திருக்கும். உடம்பெல்லாம் பஞ்சுமூட்டை மாதிரி முடி, வேலைவெட்டி ஒன்றும் கிடையாது. கத்தரிக்கோல் துணியில் கரகரவென்று ஓடினால்தான் அந்தப் பூனைக்குத் தூக்கமே வரும். அது பக்கத்தில் இல்லாவிட்டால் மாஸ்டருக்குக் கையே ஓடாது. அவருடைய மனைவிக்கு இந்தக் கொஞ்சலெல்லாம் ஆகாது. பட்டன் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு துணி இப்படித் திரும்பி வந்துச்சுன்னா, இதைக் கொண்டுபோய் எங்க அண்ணன் வீட்டுல விட்டுருவேன். சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மாஸ்டர் அன்றே பிராணிகளுக்குச் சாமான் விற்கும் கடைக்கு ஓடினார். சுவர் முழுக்கச் சீப்பும் பிரஷ்ஷும். நீள முடிக்கு எது சரி என்று கேட்டால், எல்லாமே நல்லாப் போகுது சார் என்றான் கடைக்காரன். போகிறதா என்றா இவர் கேட்டார்? எரிச்சலில் கைக்கு வந்த மூன்றை அள்ளிக்கொண்டு வந்தார்.

ரப்பர் கையுறையைப் போட்டுத் தேய்த்தால், தடவிக் கொடுக்கிறார் என்று மகாராணி சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. முடி வந்தால்தானே! கம்பி பிரஷ்ஷை ஒரு தடவை இழுத்ததற்கே கையைக் கடித்து வைத்தது. பற்களுக்கு நடுவே பிளேடு வைத்த சீப்பு மட்டும் கொத்துக்கொத்தாக எடுத்தது. எடுத்து எடுத்து முதுகில் சொட்டை விழுந்ததுதான் மிச்சம். முன்காலுக்கு அடியில் திரண்டிருந்த சிக்கு கல்லு மாதிரி அப்படியே இருந்தது. மூன்றையும் தூக்கி மூலையில் எறிந்தார்.

துணியில் நூல் முடிச்சு விழுந்தால் மாஸ்டர் யோசிக்கவே மாட்டார். இரண்டு விரலால் பிடித்து, மேலே தூக்கி, இழுத்துப் பிடித்து அடியோடு ஒரே வெட்டு. அந்தச் சிக்கையும் அப்படித்தான் பிடித்தார். துணி மேசையிலேயே கிடக்கும். பூனையின் தோல் முடியோடு சேர்ந்து எழும்பி வரும் என்று பாவி மனுஷனுக்குத் தோன்றவில்லை. மகாராணி வீறிட்ட பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தார். கைக்குக் கிடைத்த துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கால்நடை மருத்துவர் தையல் போட்டார். மாஸ்டரால் அதைப் பார்க்க முடியவில்லை. முடி பக்கம் கத்தரிக்கோலே கொண்டுபோகக் கூடாது, அகலப் பல் வைத்த இரும்புச் சீப்பு போதும், முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள் என்றார் மருத்துவர். அந்தச் சீப்பு கடையின் கீழ்த்தட்டில் கிடந்தது. இது என்ன சீப்பு என்று மாஸ்டரே ஒதுக்கிவிட்டு வந்ததுதான். திரும்பிப் போய் அதை வாங்கி வந்தார்.

புண் ஆறிவிட்டது. இப்போது பின்னறையில் மனைவிதான் வாருகிறாள். மகாராணி அவள் மடியில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது. அண்ணன் வீட்டுப் பேச்சையே அவள் மறந்துவிட்டாள். ஆனால் முன்னறையில் கத்தரிக்கோல் கரகரவென்றால் போதும், பூனை கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிடும். மீனைக் காட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. வெட்டாமல் இருக்கலாம் என்றால் பிழைப்பே அதுதான்.

அடுத்த கறுப்புக் கோட்டைத் தைத்து முடித்ததும் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

"ஒரு முடிகூட இல்லைங்க. இனிமே எவனும் வாயைத் திறக்க முடியாது."

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார், காலரைத் தூக்கிப் பார்த்தார், கைக்குள்ளே பார்த்தார்.

"அதான் இல்லைன்னு சொல்றேன்ல. இன்னும் என்னத்தத் தேடுறீங்க?"

பூனை இல்லாமல் வெறுமையாகக் கிடந்த மேசை ஓரத்தை மாஸ்டர் ஒரு தடவை பார்த்தார். கோட்டைத் திருப்பிப் போட்டு மறுபடியும் முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.