இரண்டு மகன்கள், ஒரு மகள்

பிரிண்டர் தாளை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். முதலில் முனகல், பிறகு பல்லைக் கடிப்பதுபோல ஒரு நறநறப்பு, அப்புறம் சடக்கென்று தாள் பிடிபடும். வங்கியிலோ ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரிலோ அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், இப்போதும் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. கால் நின்ற இடத்தில் நிற்கிறது, நான் மட்டும் பீளமேட்டு வீட்டின் பின்னறைக்குப் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. கூடத்தில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் அப்பா. மூன்று மணிக்கு வண்டி வரும். மூன்றரைக்கு ஆலயத்தில் அடக்க ஆராதனை.

எங்கள் சபையில் யார் இறந்தாலும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு அச்சடிப்போம். ஒரே தாள். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, வேலை பார்த்தது, மணமுடித்தது, யார் யாரை விட்டுச் சென்றார் என்பது. மூத்த மகன் பீடத்தின் அருகே நின்று அதை வாசிப்பார். பெஞ்சில் இருப்பவர்கள் கையிலும் ஆளுக்கொரு பிரதி இருக்கும். யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. நாலாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிடுவார்கள், வருடக்கணக்கில் அது அங்கேயே பழுத்துக் கிடக்கும்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அம்மாவின் தாளையும் நான்தான் தட்டச்சு செய்தேன். ‘இரண்டு மகன்களை விட்டுச் சென்றுள்ளார்’ என்று அடித்தேன். அம்மா பெற்றது மூன்று. தங்கை வேறு மதத்துக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சத்தியமங்கலம் போன நாளிலிருந்து அவள் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா சொன்னதை அண்ணன் காவல் காத்தார். நான் அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்ததைப் பார்த்தேன். முடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தாள். தன்னை எங்காவது கவனிக்காமல் தாண்டிவிட்டோமோ என்று தேடுகிறவளைப் போல.

இந்த முறை ‘இரண்டு மகன்களையும் ஒரு மகளையும்’ என்று அடித்திருந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. தைரியமில்லை. கணினித் திரையில் அந்த வரி பளிச்சென்று நின்றது. பிரிண்ட் கொடுத்தேன். முனகல், நறநறப்பு, சடக்.

வெளியே வந்த தாளில் தமிழே இல்லை.

கொம்புகள் எழுத்தைவிட்டுக் கழன்று தனியே நின்றன. புள்ளிகள் வட்டங்களாகிப் பறந்தன. அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து காலிக் கட்டங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு டாலர் குறி. ரத்து செய்தேன். பிரிண்டர் நிற்கவில்லை. தாளின் தலையில் ஒரே ஒரு வரி கிறுக்கலை அடித்து வெளியே துப்பியது, அடுத்ததை இழுத்தது, அதன் தலையிலும் ஒரு வரி, துப்பியது. ஏதோ வெறி பிடித்ததுபோல இழுத்துக்கொண்டே இருந்தது. வாய் பார்த்து நின்ற எனக்குத் தாள்தட்டை உருவ வேண்டும் என்று தோன்றுவதற்குள் பத்துப் பன்னிரண்டு தாள் போய்விட்டது.

“என்றா பண்ணீட்டிருக்கறே உள்ளார?” கூடத்திலிருந்து அண்ணன்.

“பிரிண்டர் மக்கர் பண்ணுதுண்ணா.”

அவர் வாசலில் வந்து நின்றார். வேட்டியில் மாலையின் ஈரம். தரையில் சிதறிக் கிடந்ததிலிருந்து ஒரு தாளை எடுத்து, தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “இது என்னடா, உன்ற கவிதையா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

“போன்ல இருக்குதுண்ணா. வேணும்னா அதப் பாத்து வாசிச்சுக்கலாம்.”

“போனப் பாத்து வாசிக்கறதுக்கு இது என்ன பர்த்டே பார்ட்டியா? காயிதத்துல குடு. மொதல்ல எனக்கொண்ணு. நான் ஒருக்காப் படிச்சுப் பாக்கோணும்.”

போய்விட்டார். அவர் போன வழியில் கூடம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. கதவோரம், செருப்புகள் கிடக்கும் இடத்தை ஒட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களோடு பெண்ணாகத் தங்கை உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சத்தி பஸ்ஸில் வந்தவள், அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாரும் சொல்லாமலேயே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் அவளை இரண்டு முறை தாண்டிப் போனார், ஒரு நாற்காலியைத் தாண்டுவதுபோல.

ஆலய அலுவலகத்து மிஷினில் மை தீர்ந்துவிட்டது என்று ஆயர் காலையிலேயே சொல்லியிருந்தார். எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. கடைக்காரரின் எண் இருந்தது. கூப்பிட்டேன். மேளச் சத்தம் காதைக் கிழித்தது.

“ஏனுங்க, கடை தொறக்க முடியுங்களா? அவசரமுங்க.”

“ஐயோ சார், நான் அன்னூருல இருக்கறனுங்க. மச்சான் ஊட்டுல காதுகுத்து. இப்பத்தான் இலை போட்டாங்க. நாளைக்கிக் காலைல மொத ஆளா அடிச்சுத் தர்றனுங்க.”

“அப்பா தவறிப்போயிட்டாருங்க. மூணரைக்கு அடக்கம். அதுக்கு அடிக்கோணும்.”

மேளம் மெல்லத் தேய்ந்தது. இலையை விட்டு எழுந்து எங்கோ ஒதுக்குப்புறமாக நடக்கிறார் என்று புரிந்தது.

“அடடா. மன்னிச்சுக்குங்க சார். உங்க ஊட்டுலயே மிசினு இருக்குதுங்கல்ல?”

“இருக்குதுங்க. கண்டபடி கிறுக்குதுங்க.”

“ஸ்கிரீன்ல எழுத்துச் சரியாத் தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க.”

“அப்ப பயப்படாதீங்க. மொதல்ல அது வயித்துக்குள்ள நிக்கற பழசையெல்லாம் அழிச்சுப்போடுங்க. ஆஃப் பண்ணி, பிளக்கையும் புடுங்கிப்போட்டு, நிதானமா நூறு எண்ணுங்க. இங்கிலீசுல எண்ணாதீங்க, வேகமா முடிஞ்சுரும்.”

எண்ணினேன். நாற்பதைத் தாண்டும்போது கூடத்தில் பாட்டு ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை பாட்டின் தாளத்தில் மாட்டிக்கொண்டு பின்னுக்குப் போனது. மறுபடியும் முப்பதிலிருந்து. மணி இரண்டு.

“இப்ப கேபிளைக் கழட்டி வேற ஓட்டைல சொருகுங்க. ஒரு டெஸ்ட் பேஜ் உடுங்க.”

விட்டேன். ஆங்கில எழுத்துகள், நான்கு வண்ணப் பட்டைகள், ஒரு குறையில்லாமல் வந்தன. தமிழைக் கொடுத்தேன். திரும்பவும் கழன்ற கொம்புகள், காலிக் கட்டங்கள், டாலர் குறி. அந்த நேரத்தில் எனக்கு ஒரு கேவலமான எண்ணம் வந்தது, மறைப்பானேன்: இது சரியாகவே வேண்டாம். சரியாகாவிட்டால் அண்ணன் படிக்க மாட்டார். சண்டை வராது. முயற்சி செய்தேன், மிஷின் கெட்டுவிட்டது என்று தங்கையிடம் சொல்லிக்கொள்ளலாம்.

“சார், லைன்ல இருக்கறீங்களா? மிசினு மேல தப்பில்லீங்க. நீங்க எழுத்தை எழுத்தா அனுப்பறீங்க, அது தடுமாறிப்போவுது. படமா அனுப்புங்க. பிடிஎஃப்தானுங்க? பிரிண்ட் குடுக்கற எடத்துல அட்வான்ஸ்டுன்னு ஒரு பட்டன் இருக்கும். அதுக்குள்ள ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’னு குட்டியா ஒரு கட்டம். டிக் போடுங்க. மெதுவாத்தான் வரும். ஆனா வரும்.”

டிக் போட்டேன். முனகல். நறநறப்பு. மிஷின் நெடுநேரம் யோசித்தது. பிறகு தாள் அங்குலம் அங்குலமாக வெளியே நகர்ந்தது, அதில் அப்பாவின் பெயர் முழுசாக இருந்தது. தொலைபேசியில் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. “போய்ச் சோறு தின்னுங்க” என்று மட்டும் சொன்னதாக ஞாபகம்.

தாளை நான் எடுப்பதற்குள் அண்ணன் கை எடுத்தது. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். உதடு அசைய வாசித்தார். மில் வேலை, ஞாயிறு பள்ளி, பாடகர் குழு. உதடு நின்றது. அந்த வரி எனக்கு மனப்பாடம் என்பதால் எந்தச் சொல்லில் நின்றது என்று தெரிந்தது.

“யாரக் கேட்டு எழுதுனே?”

“யாரையும் கேக்கலண்ணா.”

“அப்பா உசுரோட இருந்தா எழுதியிருப்பயா?”

“மாட்டேன்.”

“செத்தவரு எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாருன்னுதானே?” குரலை உயர்த்தவில்லை. வெளியே அவள் இருக்கிறாள் என்பது அவருக்கும் நினைவிருந்தது. என் பையிலிருந்த பேனாவை உருவி, சுவரில் தாளை வைத்து, அந்த இரண்டு சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். பேனா தாளைக் கிழித்தது. “இப்படி மாத்தி அடி.”

“மாத்துனா மறுபடியும் கிறுக்கிப்போடும்ண்ணா. இப்பத்தான் சரியாச்சு.”

“உன்ற மிசினு உனக்குப் பொய் சொல்லவும் கத்துக்குடுத்திருக்குது.”

வாசலில் ஹாரன். அண்ணி எட்டிப் பார்த்து, “வண்டி இப்பவே வந்துருச்சுங்க, பொட்டிய எப்படித் தூக்கறதுன்னு கேக்கறாங்க” என்றார். அண்ணன் கோடு போட்ட தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த வரியை அழித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். எழுதி வைத்த கோப்பைத் திறந்து, ‘ஒரு மகளையும்’ மேல் கர்சரை இழுத்து, அழித்தேன். ‘இரண்டு மகன்களை’ என்று திருத்தினேன். ஆறு வருடத்துக்கு முந்தைய அதே வாக்கியம், அதே விரல்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சேமிக்காமல் மூடினேன். ‘ஒரு மகளையும்’ இருந்த முதல் பிடிஎஃப்பைத் திறந்து, டிக் போட்டு, நாற்பது பிரதி என்று கொடுத்தேன்.

படமாக வந்ததால் ஒவ்வொரு தாளுக்கும் அரை நிமிடம் ஆனது. அந்தப் பக்கம் அப்பாவைத் தூக்கும் சத்தம், அழுகை. இந்தப் பக்கம் முனகல், நறநறப்பு, சடக். அப்பா வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நான் இருபத்தேழாவது தாளுக்காகக் குனிந்திருந்தேன்.

ஆலயத்தில் தாள்களை நானே கொடுத்தேன். கடைசி பெஞ்சில் அவள். கை நீட்டி வாங்கினாள், என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் முன்னே போய் நின்று தன் தாளைப் பிரித்தார். வாசித்தார். நல்ல குரல் அவருக்கு, அப்பாவின் குரல். “...இரண்டு மகன்களையும்” என்று வந்தார். நின்றார். பேனா கிழித்த இடத்தின் வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்திருக்கும். பெஞ்சுகளில் நாற்பது தாள்கள் ஒரே நேரத்தில் லேசாக அசைந்தன, எல்லோரும் அந்த வரியில் கண்ணை வைத்துக் காத்திருந்தார்கள். அண்ணன் தலையைத் தூக்கினார். எல்லார் கையிலும் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு, “பேரப்பிள்ளைகளையும் விட்டுச் சென்றுள்ளார்” என்று முடித்துவிட்டு இறங்கினார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்து எல்லோரும் கலையும்போது, பாடகர் குழுவில் அப்பாவின் பக்கத்தில் நின்று பாடிவந்த பெரியவர் கையில் தாளோடு நேராகத் தங்கையிடம் போனார். பக்கத்திலேயே அண்ணன் நின்றிருந்தார்.

“நீங்கதானுங்களா அம்மிணி அந்தப் புள்ளை? நான் இந்தச் சபைக்கு வந்து அஞ்சு வருசமா உங்கப்பன்கூட ஒரே புஸ்தகத்தப் பாத்துப் பாடியிருக்கறேன், பொண்ணு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே கள்ளன்!” என்றவர், அண்ணனிடம் திரும்பி, “ஆனாக் கேக்கவே வேண்டாமுங்க, மூக்கு ஒண்ணு போதும். புள்ளைக மூணு பேருக்கும் ஒரே அச்சு” என்றார்.

அண்ணன் ஏதாவது சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் ஆமாம் என்பதுபோலவும் இல்லை என்பதுபோலவும் தலையை ஆட்டினார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

சாவுக்கு வந்தவர்கள் திரும்பும்போது எங்கள் பக்கம் யாரும் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்று ஒரு பயம். ஆலயத்துக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. முகத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிட வேண்டும். தங்கையும் அப்படித்தான் நகர்ந்தாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, பஸ் ஸ்டாப்பை நோக்கிக் கேட்டைத் தாண்டினாள். கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

“அம்மிணி.”

அண்ணன் கூப்பிட்டார். அவள் நின்றாள், முழுக்கத் திரும்பவில்லை.

“வாரேன்னு சொல்லிப்போட்டுப் போ.”

அண்ணி பதறி அவர் கையைப் பிடித்தார். தங்கை எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தாள். பஸ் வந்துகொண்டிருந்தது.

“வாரனுங்கண்ணா.”