சிலந்தி நூலும் ஐந்து அங்குலமும்

லெவல் பார்க்கிற தொழிலில் மண் பொய் சொல்வதில்லை; பொய் சொல்வதெல்லாம் நம் கையிலிருக்கும் கண்ணாடிதான். மழைக்காலத்தில் மூக்குக் கண்ணாடியையோ கைக்கடிகாரத்தையோ காப்பாற்றப் போராடியவர்களுக்கு என் பாடு புரியும். உங்களுக்கு ஒரு கண்ணாடி புகை படிந்தால் துடைத்துவிட்டுப் போவீர்கள். எனக்குப் புகை படிந்தால் ஒரு ஊரின் வாய்க்காலே தப்பாகப் போகும்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம். வத்தல்மலை அடிவாரத்து ஓடையிலிருந்து கீழே உள்ள ஓர் ஏரிக்கு வாய்க்கால் வெட்டத் தீர்மானமாகியிருந்தது. எட்டாவது வரை படித்த என்னைத் தற்காலிகமாக எடுத்து, ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துத் தருமபுரியிலிருந்து மாட்டு வண்டியில் அனுப்பினார்கள். பெட்டிக்குள் லெவல் மிஷின். முக்காலி மேல் நிற்கும் ஒரு சின்ன தூரதிருஷ்டிக் கண்ணாடி, அவ்வளவுதான். தூரத்தில் ஒருவர் அளவு போட்ட பதினாலடிக் கட்டையை நிறுத்துவார். கண்ணாடிக்குள் இருக்கும் குறுக்கு நூல் கட்டையில் எந்த எண்ணில் விழுகிறது என்று பார்த்து மேடு பள்ளத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு மேலே ஓவர்சியர் ஐயா. அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தண்ணி ஏரியில விழட்டும், அப்புறம் உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதறேன்."

அன்றைக்குப் போன நிம்மதி தண்ணீர் விடும் நாள் வரை திரும்பவில்லை.

உப்பு

ஐப்பசி மாதம். மலையிலிருந்து காலையில் இறங்கும் பனிமூட்டம் பத்து மணி வரை கலையாது. ஏரிப் பாசனத்தில் நாலு ஏக்கர் வைத்திருந்த நஞ்சம்மா என்கிற கன்னடம் பேசும் அம்மாள் தம் மாட்டுக் கொட்டகையில் பாதியை எனக்கும் கட்டை பிடிக்கும் ஆளுக்கும் விட்டிருந்தார். நான் ஒரு நாளைக்குப் பதினோரு முறை பெட்டியைத் திறந்து பார்ப்பேன். அப்படித் திறந்து திறந்தே ஈரத்தை உள்ளே விட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு படி கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். உப்பு ஈரத்தை இழுத்தது, உண்மைதான். இழுத்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மூட்டை கசிந்து பெட்டியின் அடி முழுக்க உப்புத் தண்ணீர். பித்தளைத் திருகுகளில் பச்சை படிந்திருந்தது. ஓவர்சியர் ஐயா குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "மிஷினைப் பத்திரமா வைய்யின்னா ஊறுகாய் போட்டு வச்சிருக்கியேய்யா!"

வறுத்த அரிசி

உப்புக்குப் பதில் அரிசியை வறுத்து வைக்கச் சொன்னார் ஓவர்சியர். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கேழ்வரகுதான். அரிசி விசேஷத்துக்கு மட்டும். ஆனாலும் நஞ்சம்மா எடுத்துக் கொடுத்தார். வாய்க்கால் வந்தால் முதலில் நனைவது அவர் நிலம்தான். ஆறு வருஷமாக அதில் கொள்ளு தவிர வேறொன்றும் விளையவில்லை.

நான் நாலு பிடி வறுத்துப் பையில் கட்டி வைத்தேன். ஈரம் குடித்தால் அரிசி கனக்க வேண்டும். மூன்று நாள் கழித்து எடுத்து அளந்தால் இரண்டரைப் பிடி. மறுபடி நாலு பிடி வைத்தேன், இரண்டு பிடி ஆனது. எலியென்றால் பை கிழிந்திருக்க வேண்டும். முடிச்சு நான் போட்டது போலவே இருந்தது. கட்டை பிடிக்கும் மாரப்பனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கேட்பதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவன் வெட்கப்படவில்லை. "அரிசி ஈரத்தக் குடிச்சுதுங்க, ஈரமான அரிசிய நான் தின்னுட்டேனுங்க. ஆக மொத்தம் பொட்டிக்குள்ள ஈரமில்லீங்களே?"

தலைகீழ்

அந்தக் காலத்து லெவல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மரம் வேரை மேலே வைத்து நிற்கும், மாடு வானத்தில் மேயும். எண்களையும் தலைகீழாகவே படித்துப் பழக வேண்டும். எனக்கு அது பழக ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து நின்றேன்.

அதில் ஒரு நாள் மத்தியானம் மாரப்பன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று கண்ணாடியில் பார்க்க விட்டேன். பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எண்கள் எல்லாம் நேராகத் தெரிந்தன. கண் பழகிவிட்டதென்று மகிழ்ந்து பன்னிரண்டு இடத்துக்கு அளவு எழுதினேன். சாயந்திரம் கூட்டிப் பார்த்தால், மலையிலிருந்து ஏரிக்கு இறங்க வேண்டிய நிலம் ஏரியிலிருந்து மலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டை தலைகீழாக நின்றது. பன்னிரண்டையும் அடித்தேன். மாரப்பன் முகம் சுண்டிப்போனது. "கழுத்தச் சாச்சுக்கிட்டு சங்கடப்படறீங்களேன்னு புடிச்சனுங்க. நல்லதுக்குக் காலமில்லீங்க."

தப்படி

மிஷினிலிருந்து பின்னால் இருக்கும் கட்டைக்கு எத்தனை தப்படியோ, முன்னால் வைக்கும் கட்டைக்கும் அத்தனை தப்படி இருக்க வேண்டும் என்பது ஓவர்சியர் சொல்லிக்கொடுத்த விதி. ஏனென்று கேட்காதே என்றும் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை, எண்ணினேன். நாற்பது என்றால் நாற்பது. முப்பத்தொன்பதரை ஆனால் திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணுவேன். கடலைக் கொடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டு என்னைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்தால் எண்ணிக்கை தப்பும், தப்பினால் மறுபடி போவேன். நாலாவது முறை திரும்பியபோது ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். "ஏனுங்க, சேறு மிதிச்ச கல்யாணப் பொண்ணாட்டம் இப்பிடி எண்ணி எண்ணி வெக்கறீங்க, மாப்ள வூடு இன்னும் வரலீங்களா?"

பூச்சி

ஒரு வாரம் விடாத தூறல். கண்ணாடியின் வெளியே படிவதைத் துடைக்கலாம். இப்போது உள்ளே படிந்திருந்தது. ஓவர்சியர் சேலத்துக்குப் போயிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சட்டியில் தணலைப் போட்டு, மேலே கோணியை மூடி, மிஷினை அதன்மேல் வைத்துச் சூடு காட்டினேன். புகை மறைந்தது. கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். குறுக்கு நூலைக் காணோம்.

அந்த நூல் உலோகமல்ல, சிலந்தி இழை. ஈரத்தில் தொய்ந்திருந்தது சூட்டில் அறுந்துவிட்டது. நூல் இல்லாத லெவல் வெறும் வேடிக்கைக் கண்ணாடி. என் வேலை அன்றோடு சரி என்று கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டேயிருந்தேன். வத்தல்மலையிலிருந்து தேன் விற்க வந்த காளி என்பவர் விஷயத்தைக் கேட்டு, சாமை வயல் ஓரத்துப் புதரில் ஒரு சின்னச் சிலந்தியைக் கவைக்குச்சியில் தொங்கவிட்டு இழையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆபீஸ் உறைக்கு வைக்கும் அரக்கை உருக்கி, கண்ணாடிக்குள் இருக்கும் வளையத்தில் இழையை ஒட்ட வேண்டும். ஆறு இழை அறுந்தன. ஏழாவதை நான் ஒட்டும்போது காளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பூச்சி அசையாமத்தான் நூலு வுட்டுது சாமி, நீங்கதான் பூச்சியாட்டம் துடிக்கறீங்க."

ஏரித் தண்ணீர்

நூல் நேராக விழுந்தது. மிஷின் பிழைத்தது என்று நினைத்து அடுத்த பதினைந்து நாளில் இருபத்துமூன்று இடத்தில் வைத்து, ஏரி வரை வேலையை முடித்தேன். வழியில் ஒரு பள்ளம். அதன்மேல் தொட்டிப் பாலம் கட்டித்தான் தண்ணீரைக் கடத்த வேண்டும். திங்கட்கிழமை கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை எனக்கு வேலை ஒன்றுமில்லை; சும்மா இருக்கவும் முடியவில்லை. ஏரியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. காற்றில்லை. நின்ற தண்ணீரைவிடச் சரியான மட்டம் உலகில் ஏது என்று தோன்றியது. கரையில் மிஷினை வைத்து, பக்கத்தில் தண்ணீர் தொடும் இடத்தில் கட்டையை நிறுத்தச் செய்து பார்த்தேன். பிறகு அதே தண்ணீரின் மறு ஓரத்தில், நூற்றிருபது தப்படி தள்ளி நிறுத்தச் சொன்னேன். இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டும். ஐந்து அங்குலம் வித்தியாசம் வந்தது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் ஐந்து. நான் ஒட்டிய நூல் தன் பழைய இடத்தில் இல்லை. கண்ணாடி கொஞ்சம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நூல் மாற்றினால் திருகைத் திருப்பி மட்டம் சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாரப்பன் அக்கரையிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டான். அவன் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தான். "ஏனுங்க, ஏரி கோணலாப் போச்சுங்களா?"

ஓவர்சியர்

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று விளங்கியது. முன்னும் பின்னும் ஒரே தூரம் வைத்த இடங்களில், இரு பக்கமும் அதே பிழை வந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போயிருக்கும். இருபத்திரண்டு இடம் அப்படித்தான். பள்ளத்தில் மட்டும் முடியவில்லை: பின்னால் பதினாறு தப்படி, முன்னால் அக்கரைக்கு நூற்று முப்பத்தாறு. வித்தியாசம் நூற்றிருபது. ஆக, தொட்டிப் பாலத்தின் மறு முனை வேண்டியதைவிட ஐந்து அங்குலம் உயரத்தில் போய் நிற்கும். அங்கே நாங்கள் கொடுத்திருந்த சரிவே ஒன்றரை அங்குலம்தான். தண்ணீர் மூன்றரை அங்குலம் மேலே ஏறிப் போக வேண்டும். போகாது. பள்ளத்தில் விழுந்துவிடும்.

சேலத்திலிருந்து திரும்பிய ஓவர்சியர் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதை அவர் திருத்தினால் அவருக்கும் கேள்வி வரும், எனக்கு வேலை போகும். எனக்கு யாரிடமும் போய்ப் பேசுவதே வராது. அவர் தங்கியிருந்த வீட்டு வாசல் வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே வெளியே வந்துவிட்டார், பாதி முகத்தில் சவரச் சோப்போடு. சூடு காட்டியது, நூல் அறுந்தது, பூச்சி, அரக்கு, ஏரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் முகத்தில் சோப்பு காய்ந்துவிட்டது.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமாங்க."

"அப்புறம் ஏன்யா சொன்னே?"

"தண்ணிக்குத் தெரிஞ்சிடுமுங்க."

மீதி முகத்தைச் சவரம் செய்யாமலே கிளம்பினார். கொத்தனாருக்கு இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். பள்ளத்தின் இக்கரையில் மிஷினை வைத்து இரு கரையும் பார்த்தோம். பிறகு அக்கரைக்குத் தூக்கிப் போய் அங்கிருந்து இரு கரையும் பார்த்தோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உண்மை வரும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். வந்தது: பிழை ஐந்து அங்குலமும், தச்சர் கணக்கில் ஒரு நூலும். தூறல் தொடங்கியதும் மாரப்பனைக் குடை பிடிக்கச் சொல்லி மிஷினுக்கு அனுப்பிவிட்டு, கட்டையை ஓவர்சியரே வாங்கிக்கொண்டார். மாரப்பன் போகிற போக்கில் திரும்பி நின்று அவருக்குச் சொன்னான். "எண்ணு தலகீழாத்தான் தெரியோணுமுங்க ஐயா. நல்லது பண்றம்னு கட்டயத் திருப்பிப் புடிச்சறாதீங்க."

தண்ணீர் விட்ட நாள்

அடுத்த ஐப்பசியில் வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். ஓவர்சியர் மேலே ஓடை வாயில் நின்றார். நான் கீழே ஏரிக்கரையில் நஞ்சம்மாவோடு நின்றேன். காலை எட்டுக்குத் திறப்பதாகப் பேச்சு. பத்தரைக்கு வர வேண்டும் என்று என் கணக்கு. பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. வாய்க்காலில் ஓர் எறும்புதான் போனது. நஞ்சம்மா வெற்றிலையை மென்றுகொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

பன்னிரண்டுக்கு மேல் நிற்க முடியவில்லை. வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி மேலே ஓடினேன். மனசுக்குள் ஐந்து அங்குலம், ஐந்து அங்குலம் என்று ஓடியது. ஆயிரத்து நூறு தப்படி காய்ந்த மண். அதற்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. என் உத்தியோகத்தில் அது ஒரே ஒரு முறைதான். தூரத்தில் தொட்டிப் பாலம் தெரிந்தது. அதன் இந்தப் பக்க வாயிலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்து, தெளிவாக, சீராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டு, கரையை உடைத்து, முழுத் தண்ணீரையும் தம் கேழ்வரகு வயலுக்குத் திருப்பியிருந்தார்.

எனக்குப் பின்னாலேயே நஞ்சம்மாவும் ஓடி வந்திருந்தார். அவர் அந்த மனிதரைப் பேசிய பேச்சைத் தமிழிலும் எழுத முடியாது, கன்னடத்திலும் எழுத முடியாது. பேசி முடித்ததும் மண்வெட்டியைப் பிடுங்கி அடைப்பைத் தாமே வெட்டி, அந்த மண்ணாலேயே உடைந்த கரையை மூடினார். தண்ணீர் எங்கள் கணுக்காலைத் தாண்டிக் கீழே போனது. இரண்டேகாலுக்கு ஏரியில் விழுந்ததைக் கேட்டு ஓவர்சியர் என் பேரை நிரந்தரத்துக்கு எழுதினார். அந்த வயல்காரர் மட்டும் கடைசி வரை எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க லெவலு அம்மாஞ் சுத்தமுங்க சாமி. கொஞ்சம் பெசகியிருந்தாலும் ஒரே வெட்டுல என் வயலுக்கு இப்பிடித் திரும்பியிருக்குமுங்களா?"

அதற்குப் பிறகு எத்தனையோ வாய்க்காலுக்கு மட்டம் பார்த்துவிட்டேன். மிஷினுக்குள் ஈரம் புகாமல் காக்க ஏழு வழி தெரிந்துகொண்டேன், வாய்க்காலுக்குள் மண்வெட்டி புகாமல் காக்க ஒன்றுகூடத் தெரிந்துகொள்ளவில்லை.