தைக்காமல் விட்ட காயம்

மலாவி ஏரியில் வலை வீசிக்கொண்டிருந்த லாமெக்கின் கெண்டைக்காலை நீர்யானை கவ்விக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேற்றையெல்லாம் கழுவி, காயத்தைத் தைக்காமல் திறந்தபடியே விட்டுத் துணி கட்டினார்கள்.

"ஏன் தைக்கல? ஏழைங்கன்னா நூலுக்குக்கூடவா பஞ்சம்?" என்று அவன் மனைவி தியாமிகே சண்டைக்குப் போனாள்.

"அழுக்குக் காயம்மா. மூடித் தைச்சா உள்ள சீழ் பிடிக்கும். அடியிலேருந்து சதை தானா வளர்ந்து வரும், பொறுத்துக்கோ," என்றாள் நர்ஸ்.

தியாமிகேவுக்குப் பொறுக்கவில்லை. பிளந்து கிடந்த காலைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் சந்தையில் மருந்து விற்பவனைக் கூட்டிவந்து தைக்க வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த வாரமே கால் வீங்கிக் கறுத்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

வெட்டிய இடத்தையும் டாக்டர்கள் தைக்கவில்லை. இந்த முறை அவள் யாரையும் கூட்டிவரவில்லை. தினமும் உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினாள். குழியின் அடியில் சிவப்புச் சதை மணிமணியாக எழும்பியது. ஓரத்திலிருந்து மெல்லிய தோல் நகர்ந்து வந்து மூடியது. பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது. அந்தக் காலும் இப்படித்தானே ஆறியிருக்கும்!

லாமெக் இப்போது கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறான். கால் எங்கே என்று கேட்பவர்களிடம், "நீர்யானை தின்னுடுச்சு. இன்னொன்னையும் கேட்டுச்சு, நான்தான் குடுக்கல," என்று சிரிக்கிறான். தையலைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. ஒரு தடவையாவது தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று தியாமிகேவுக்குத் தோன்றும்.