தெரியாது என்று அச்சடித்த ஃபிளெக்ஸ்

எங்கள் வீட்டு ஆட்டுக் கொட்டகையின் மேல் ஒரு பழைய ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. அச்சடித்த பக்கம் உள்ளே பார்த்தபடி இருப்பதால், அதைப் பெரும்பாலும் பார்ப்பவை ஆடுகள்தான். கட்சித் தலைவர் முகமோ காதுகுத்து வாழ்த்தோ அதில் இல்லை. எங்கள் ஊர் ஏரியின் வரைபடமும் அதன்மேல் சிதறிய நீலப் புள்ளிகளும்தான் இருக்கின்றன. கிழக்கு ஓரத்தில் மட்டும் புள்ளியே இல்லாமல் ஒரு வெள்ளை. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் ‘தெரியாது’ என்று அச்சிட்டிருக்கிறது.

அதை அச்சடித்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மதிப்பிடும் ஒரு சிறிய நிறுவனத்தில் அவர் புள்ளியியலாளர். நான் பட்டம் முடித்த கையோடு அங்கே சேர்ந்திருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் உத்திரமேரூர் வந்து, அங்கிருந்து என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து எங்கள் ஊருக்கு வருவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏரியை அளக்கிறோம் என்று நைனாவிடம் சொன்னபோது, “ஏரி இங்க கீது, நீ ஏண்டா மேல போயி பாக்கற?” என்றார். அக்காவிடம் சொன்னேன். “நல்ல கேள்வி. அதனாலதான் நாம கீழயும் போறோம்” என்றார்.

வேலை இதுதான். வேறு ஏரிகளில் அளந்த ஆழங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு கணினி நிரல் இருந்தது. படத்தைக் கொடுத்தால், ஏரியில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடும். தயங்கவே தயங்காது, தெளிந்த தண்ணீரானாலும் சேற்றுத் தண்ணீரானாலும் அதே வேகத்தில் விடை வரும். அதை அப்படியே நம்ப முடியாது என்பதால் சில இடங்களில் மட்டும் நேரில் அளப்போம். அங்கே நிரல் எவ்வளவு தவறுகிறது என்று பார்த்து, அந்தத் தவறை ஏரி முழுவதற்கும் சரிசெய்தால், மொத்தத் தண்ணீர் இதற்குக் குறையாது, இதற்கு மிஞ்சாது என்று ஒரு வரம்பு கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான். அளக்கும் இடங்களை நம் வசதிக்குப் பொறுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கியதுபோல் கணினி எந்த இடத்தைச் சொல்கிறதோ அங்கே போயாக வேண்டும்.

போவதற்கு இருந்தது சித்தப்பாவின் தெர்மாகோல் மிதவை. ஏரியில் மீன் பிடிப்பவர் அவர். கோல் ஊன்றித் தள்ளுவார். நான் அளவுக்கழியைத் தரை தட்டும்வரை இறக்கி, ஆழத்தைக் கைபேசியில் பதிவேன். கிழக்கு ஓரம் நெருங்கியதும் அவர் மிதவையைத் திருப்பிவிட்டார். அங்கே கன்னிமார் கற்கள் இருக்கின்றன. ஏரி நிரம்பினால் மூழ்கிவிடும். ஆனாலும் அந்தப் பக்கம் யாரும் கோல் ஊன்றுவதில்லை, வலை வீசுவதும் இல்லை. கன்னிமார் மேல் பட்டுவிடும் என்று பயம். அதே ஊரில் வளர்ந்த எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. அந்த இடங்களுக்கு நேராக ‘அளக்கவில்லை’ என்று போட்டுவிட்டு வந்தேன்.

வந்த வரம்பு மிகக் குறுகலாக, அழகாக இருந்தது. தையில் நடும் நவரைப் பட்டத்துக்குத் தண்ணீர் கடைமடைவரைக்கும் போதும் என்று அக்கா பாசனச் சங்கத் தலைவரிடம் சொன்னார். செய்தி பரவியது. கடைமடையில் நெல் நட்டால் அம்மாவுக்கும் தெருப் பெண்களுக்கும் நடவு வேலை உண்டு. அம்மா யார் யார் எந்தக் கழனிக்கு என்று அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஊர்க் கூட்டத்தில் மாட்டுவதற்காக அளந்த இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தபோதுதான் அக்கா நிமிர்ந்தார்.

“இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?”

சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணினிப் பக்கம் திரும்பி, வரம்பைக் கணக்கிடத் தான் எழுதியிருந்த இன்னொரு நிரலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அளவு இல்லாத இடங்களில், படம் பார்க்கும் நிரல் சொன்ன ஆழத்தையே அளந்த ஆழமாக எடுத்துக்கொள்ளும் வரி அது. அப்படியென்றால் அங்கெல்லாம் தவறு பூஜ்யம். நிரல் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டிருந்தது. வரம்பு குறுகியதற்கு அதுதான் காரணம்.

சித்தப்பாவிடம் போய்க் கேட்டார். “ஏரி வத்தட்டும்மா. கல்லு தெரியறப்ப தாராளமா போயி அளந்துக்கோ. இப்ப வாணாம்” என்றார் அவர். கூட்டமோ மறுவாரம். “வேணாம்னா வேணாம்” என்று திரும்பிவிட்டார் அக்கா. அந்த இடம் முழுக்கத் தூர்ந்திருந்தால் எவ்வளவு, நிரல் சொன்னபடி ஆழமாக இருந்தால் எவ்வளவு என்று இரண்டு எல்லைகளையும் வைத்து மறுபடி கணக்கிட்டார். ஆழமாக இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் தாராளம். தூர்ந்திருந்தால் கதிர் வரும் நேரத்தில் மதகு வறண்டுவிடும்.

கூட்டத்தில் ஃபிளெக்ஸை விரித்ததும் சிரிப்பு கிளம்பியது. பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார். “பொறந்த நாளுக்கு ஃபிளெக்ஸ் பாத்துக்கீறோம், கருமாதிக்கும் பாத்துக்கீறோம். தெரியாதுன்னு அடிச்ச மொத ஆளு நீதாம்மா!”

சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. “போன வாரம் பத்தும்னு சொன்ன. இன்னிக்கி தெரியாதுன்ற. இன்னாம்மா, பேஜார் பண்ணிக்கினு கீற?”

“போன வாரம் சொன்னது தப்புங்க. அளக்காத எடத்த அளந்த மாதிரி கணக்குல சேத்துட்டேன். என் தப்புதான்.”

“செரி. நாத்து வுட்டப்புறம் சொல்லாம இப்பவே சொன்னியே” என்றார் தலைவர். மதகுப் பக்கமும் நடுவிலும் நெல், கடைமடையில் உளுந்து என்று முடிவானது.

உளுந்துக்கு நடவு கிடையாது. கூட்டம் கலையும்போது அம்மா அக்காவின் முன்னால் வந்து நின்றாள். “தெரியாதுன்னு சொல்றதுக்கா காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த? என் நடவு போச்சே.”

“ஆமாம்மா. போச்சு” என்றார் அக்கா.

அம்மாவுக்கு அதற்குமேல் சண்டை போட வரவில்லை. “அந்த ஃபிளெக்ஸையாவது குடு. ஆட்டுக்கு மேல கட்டிக்கறேன்.” இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அதைச் சுருட்டினார்கள்.

அந்த வருடம் பங்குனியில் பருவம் தப்பி மழை பெய்தது. அதனால் கடைமடையில் நெல் நட்டிருந்தால் தப்பியிருக்குமா, காய்ந்திருக்குமா என்பதை ஏரி சொல்லாமலே போய்விட்டது. கல் தெரியும் அளவுக்கு ஏரி வற்றிய பிறகு நானும் சித்தப்பாவும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அளந்தோம். மண் மேடிட்டுத்தான் இருந்தது. ஆனால் முழுக்கத் தூர்ந்திருக்கவில்லை. அதற்குள் அக்கா வேறு வேலை கிடைத்து ஐதராபாத் போயிருந்தார். அளவுகளை அனுப்பினேன். “வரம்புக்குள்ளதான் இருக்கு” என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

இப்போது நான் சென்னையில் வேலை செய்கிறேன். இங்கே இருக்கும் நிரல்கள் இன்னும் பெரியவை. எந்தக் காலியிடத்தையும் நொடியில் நிரப்பிவிடும், அதுவும் நம்பும்படியாக. அளவில்லாத இடங்களை முதலில் வரைபடத்தில் வெள்ளையாக விட்டுப் பார்ப்பது என் பழக்கம். கூட வேலை செய்பவர்களுக்கு அதனால் தாமதம்தான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஆட்டு வியாபாரி ஒருவர் வந்திருந்தார். கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, சினையாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “இன்னா ஆயா, ரெண்டு குட்டி போடுமா, ஒண்ணுதானா?”

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கொட்டகைக் கூரையை நோக்கிக் கையை மட்டும் காட்டினாள்.

“மேல எழுதிக்கீது. படிச்சிக்கோ.”